உங்க கைக்கு ஏத்த தூண்டில் பிடி... வீட்டுலயே கடையலாம் வாங்க! - இளையாத்தங்குடி கண்மாய்க்கரையிலிருந்து ஒரு முழு கைடு

கண்மாய்ல தண்ணி வத்துற மாசங்கள்ல உங்க போன்ல இந்த வீடியோ வராம இருக்காது. கரையில நூத்துக்கணக்கான பேர் நிப்பாங்க. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், ஊத்தா, கச்சா, வலை, கூடைன்னு கையில கிடைச்சதோட மொத்த ஊரும் தண்ணிக்குள்ள பாயும். சிவகங்கை மாவட்டத்தோட மீன்பிடித் திருவிழா அது.

அந்தக் கூட்டம் கலைஞ்ச பிறகும், மத்த மாசங்கள்லயும், இன்னொரு சின்னக் கூட்டம் கரையோரமா நிக்கும். கையில கார்பன் ராட், ஸ்பின்னிங் ரீல், நூல் முனையில ரப்பர் தவளை. குறி, பாசிக்கு அடியில பதுங்கியிருக்கிற விரால். காரைக்குடி, திருப்பத்தூர், இளையாத்தங்குடி, கீழச்சிவல்பட்டின்னு செட்டிநாட்டுப் பக்கம் மழைத் தண்ணியை நம்பி இருக்கிற கண்மாய்கள் அதிகம். அதனால இங்கே தூண்டில் பிடிக்கிற இளைஞர்களுக்கும் குறைவில்லை.

நீங்களும் அதுல ஒருத்தரா? அப்போ ஒரு கேள்வி. லூருக்கு யோசிச்சுச் செலவு பண்றீங்க. ரீலுக்கு ரிவ்யூ பார்க்குறீங்க. ஆனா, மணிக்கணக்கா உங்க உள்ளங்கையைத் தொட்டுக்கிட்டே இருக்கிற பிடியைப் பத்தி என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா? ஃபோம் கிழிஞ்சுபோறது, பிடி கழண்டு சுத்துறது, ரெண்டு மணி நேரத்துல மணிக்கட்டு வலிக்கிறது... இது எல்லாத்துக்கும் வீட்டுலயே தீர்வு இருக்கு. ஒரு டிரில் மெஷின், உப்புத்தாள், கொஞ்சம் பொறுமை போதும்.

பிடியில அப்படி என்ன இருக்கு?

ஒரு சின்னக் கணக்கு. உங்க ராட் 7 அடி, அதாவது சுமார் 2.1 மீட்டர்னு வெச்சுக்கலாம். ரீல் பிடிக்கிற கையிலிருந்து நுனி வரைக்கும் 1.8 மீட்டர். பின்பக்கப் பிடி 30 செ.மீ. நுனியில ஒரு மீன் 1 கிலோ விசையில இழுத்தா, பின்முனையில நீங்க கிட்டத்தட்ட 6 கிலோ விசை கொடுத்துத்தான் சமாளிக்கணும். ராட் வளையும்போது நுனி உங்க பக்கம் வர்றதால இது கொஞ்சம் குறையும். ஆனாலும் நெம்புகோல் கணக்கு உங்களுக்கு எதிராத்தான் இருக்கு.

இப்போ அதே பின்பிடியை 36 செ.மீ. ஆக்குங்க. 6 கிலோ 5 கிலோவா குறையும். வெறும் 6 செ.மீ. மாற்றத்துக்கு இவ்வளவு வித்தியாசம்! பாசிக்குள்ள புகுந்த விராலை வெளியே இழுக்கும்போது இந்த ஒரு கிலோ உங்க முழங்கைக்குத் தெரியும்.

அடுத்தது கனம். பிடி மெலிசா இருந்தா, நழுவாம இருக்க விரல்கள் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். தடிமனா இருந்தா விரல்கள் முழுசா சுத்தி வராது, மறுபடியும் இறுக்கம்தான். கடையில விக்கிற ராடுகள் எல்லாம் ஒரு சராசரிக் கைக்காகச் செஞ்சவை. உங்க கை சராசரியைவிடச் சின்னதா, பெருசான்னு அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. பெண்களும் பதின்பருவத்துப் பசங்களும் ராட் பிடிச்சா சீக்கிரம் கை வலிக்குதுன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசல்... நம்ம ஊரு வார்த்தை!

மோர் கடையுறோம், கீரை கடையுறோம், மரத்தையும் கடையுறோம். தமிழ்ல மூணுக்கும் ஒரே வினைச்சொல்தான். காரணம் சுலபம். மத்துல கயித்தைச் சுத்தி முன்னும் பின்னும் இழுக்கிற மாதிரியே, பழைய கடைசல் பட்டறைகள்ல மரத்துண்டுல கயித்தைச் சுத்தி ஒருத்தர் இழுப்பார். சுழல்ற மரத்துல இன்னொருத்தர் உளியை வெச்சு உருவம் கொண்டுவருவார். திருநெல்வேலிப் பக்கம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான், கர்நாடகத்துச் சென்னபட்டணா பொம்மை எல்லாம் இந்தக் கடைசல் குடும்பம்தான். அரக்குக் கட்டியைச் சுழல்ற மரத்துல அழுத்தினா, உராய்வுச் சூட்டுலயே உருகி நிறமா ஒட்டிக்கும். அதுக்கு மேல தாழை ஓலையால தேய்ச்சா பளபளப்பு வந்துடும்.

தூண்டில் பிடியும் இதே வேலைதான். சுழல்ற பொருள் ஒண்ணு, அதைத் தேய்க்கிற பொருள் ஒண்ணு. கயிறு இழுக்கிற ஆளுக்குப் பதிலா டிரில் மெஷின். அவ்வளவுதான் வித்தியாசம்.

ராட் விஷயத்துலயும் நம்ம ஊருக்கு ஒரு பழைய பந்தம் உண்டு. மெட்ராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ்ங்கிற ஆங்கிலேய அதிகாரி, 1873-ல 'தி ராட் இன் இந்தியா'ன்னு ஒரு புத்தகத்தை மங்களூர்ல வெளியிட்டார். பிறகு 1887-ல 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா'ன்னு இன்னொண்ணு. 'டேங்க்'னா வேற எதுவும் இல்லை, நம்ம கண்மாயும் குளமும்தான்! கண்மாய்ல தூண்டில் போடுறதுக்குன்னே 130 வருஷத்துக்கு முன்னாடி தனிப் புத்தகம் வந்திருக்கு. அதே 19-ம் நூற்றாண்டுல அமெரிக்காவுல பிரபலமான பிளந்த மூங்கில் ராடுகளோட ஆரம்பகால மூலப்பொருளும் கல்கத்தா துறைமுகம் வழியா போன இந்திய மூங்கில்தான். 'கல்கத்தா கேன்'னே அதுக்குப் பேர். சீனாவோட டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடிச்சது பிறகுதான்.

கார்க்கா, ஃபோமா, மரமா?

மூணுல எது வேணும்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி எடையைப் பாருங்க. 25 செ.மீ. நீளம், 28 மி.மீ. விட்டம், நடுவுல 10 மி.மீ. துளை உள்ள ஒரு பிடியைக் கணக்குப் போட்டா:

- ஈ.வி.ஏ ஃபோம்: சுமார் 20 கிராம்
- கார்க்: சுமார் 27 கிராம்
- தேக்கு: சுமார் 87 கிராம்

கார்க்: ஓக் இனத்து மரம் ஒண்ணோட பட்டை. போர்ச்சுகல்தான் உலக உற்பத்தியில பாதிக்குச் சொந்தக்கார நாடு. மரம் வளர்ந்து முதல் தடவை பட்டை உரிக்கவே 25 வருஷம் ஆகும். அப்புறம் 9 வருஷத்துக்கு ஒருமுறைதான் உரிப்பாங்க. மரத்தை வெட்டுறதில்லை. ஒரு கன சென்டிமீட்டர்ல சுமார் 4 கோடி காத்தடைச்ச செல்கள் இருக்கறதால லேசா இருக்கும், தண்ணி உறிஞ்சாது, வெயில்ல சுடாது. நம்ம ஊர்ல விலை அதிகம். நல்ல தரம் கிடைக்கிறதும் கஷ்டம். ஆன்லைன்ல வளையங்களா விக்குது. வழக்கமான அளவு அரை இன்ச் தடிமன், ஒன்றேகால் இன்ச் விட்டம், கால் இன்ச் துளை.

ஈ.வி.ஏ ஃபோம்: உங்க ரப்பர் செருப்போட அடிப்பாகம் பெரும்பாலும் இதுதான். விலை குறைவு. ஈரத்துலயும் பிடிப்பு இருக்கும். முதல்முறை செய்யுறவங்களுக்கு இதுதான் சரி. நேரா குழாய் வடிவத்துல கிடைக்கும். இல்லாட்டி செருப்பு மெட்டீரியல் விக்கிற கடையில ஷீட் வாங்கி, வட்டமா வெட்டி அடுக்கி ஒட்டலாம்.

மரம்: பார்க்க அழகு. ஆனா கனம், நனைஞ்சா வழுக்கல். முழுப் பிடியையும் மரத்துல செய்ய வேண்டாம். ஆனா ஒரு இடத்துல மட்டும் மரம் அட்டகாசமா வேலை செய்யும். அதைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல அளவு எடுங்க

1. கனம்: ஒரு அட்டையைச் சுருட்டிக் குழாயாக்கிப் பிடிச்சுப் பாருங்க. நடுவிரல் நுனி உள்ளங்கையோட அடிப்பக்கச் சதையை லேசா தொடுற மாதிரி, ஆனா அழுத்தாத மாதிரி இருக்கணும். அந்த அளவுல டேப் ஒட்டி, ஸ்கேல் வெச்சு விட்டத்தை அளங்க. பெரும்பாலானவங்களுக்கு 24-லிருந்து 30 மி.மீ.க்குள்ள வரும்.

2. நீளம்: ரீலைப் பிடிச்ச மாதிரி கையை வெச்சு, மணிக்கட்டுலிருந்து முழங்கை வரைக்கும் அளங்க. பின்பிடி முழங்கைக்குச் சற்று முன்னாடி முடிஞ்சா, மீனோட போராடும்போது முன்கையில ஊனிக்கலாம். ரெண்டு கையாலயும் வீசுற பழக்கம் இருந்தா நீளம் அதிகமா வைங்க. ஒரே கையால பக்கத்துல குறிபார்த்து வீசுறவங்களுக்குக் குட்டையான பிடி போதும்.

3. வடிவம்: காகிதத்துல நிஜ அளவுல வரையுங்க. கட்டைவிரல் பக்கம் லேசா குறுகி, உள்ளங்கை பக்கம் புடைச்சு, கடைசியில மறுபடி ஒடுங்குற வடிவம் நிறைய பேருக்கு ஒத்துவரும். வரைஞ்சதை அட்டையில வெட்டி எடுத்துக்கோங்க. கடையும்போது அடிக்கடி ஒட்டவெச்சுப் பார்க்க இதுதான் அச்சு.

என்னென்ன வேணும்?

- வேகம் கூட்டிக் குறைக்கிற வசதியுள்ள டிரில் மெஷின்
- 6 மி.மீ. திரெட் ராட் ஒரு அரை மீட்டர், நட்டு, வாஷர்
- அதே துளை அளவுல ஒரு சின்ன பேரிங், அதைப் பொருத்த ஒரு மரக்கட்டை
- உப்புத்தாள்: 80, 120, 220, 400 நம்பர்கள்
- மெதுவா காயுற இரண்டு டியூப் எபாக்சி பசை
- மாஸ்கிங் டேப், மெழுகுவத்தி, ஸ்பிரிட், பழைய துணி
- கண்ணாடி, முகக்கவசம்

ஹார்டுவேர் கடையில எல்லாமே கிடைக்கும். ஃபோம், கார்க், ரீல் சீட் மட்டும் தூண்டில் கடையிலயோ ஆன்லைன்லயோ வாங்கணும்.

கடையலாமா?

ஸ்டெப் 1 - அடுக்குங்க: திரெட் ராட் மேல மெழுகுவத்தியை நல்லா தேய்ச்சுக்கோங்க. இல்லாட்டி பசை பட்டு ராடும் சேர்ந்து ஒட்டிக்கும். கார்க் வளையங்களுக்கு நடுவுல மெல்லிசா எபாக்சி தடவி ஒவ்வொண்ணா கோத்து, ரெண்டு பக்கமும் வாஷர், நட்டு போட்டு இறுக்குங்க. அளவுக்கு மீறி இறுக்கினா பசை மொத்தமும் வெளியே வழிஞ்சு, ஒட்டு பலவீனமாகிடும். ஒருநாள் முழுசா காயவிடுங்க. ஈ.வி.ஏ குழாய் வாங்கியிருந்தா இந்த வேலை மிச்சம். ஆனா அதோட துளை திரெட் ராடைவிடப் பெருசா இருந்தா, ராட் மேல டேப் சுத்தித் துளைக்குச் சரியா நிக்கிற மாதிரி பண்ணிடுங்க.

ஸ்டெப் 2 - பூட்டுங்க: டிரில்லை ஒரு பலகையில அசையாம கிளாம்ப் பண்ணுங்க. ஹேமர் மோட் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க. திரெட் ராடோட ஒரு முனை டிரில் வாயில, மறுமுனை மரக்கட்டையில பொருத்தின பேரிங்ல. ரெண்டும் ஒரே உயரத்துல, ஒரே நேர்கோட்டுல இருக்கணும். கையால சுத்திப் பாருங்க. ஆடினா நிறுத்திச் சரிபண்ணுங்க. இங்கே விடுற தப்பு கடைசி வரைக்கும் கூடவே வரும்.

ஸ்டெப் 3 - உருட்டுங்க: முதல்ல மெதுவான வேகம். 80 நம்பர் உப்புத்தாளை ரெண்டு இன்ச் அகலப் பட்டையா கிழிச்சு, ரெண்டு முனையையும் ரெண்டு கையில லேசா பிடிச்சு மேலாக வைங்க. விரல்ல சுத்திக்கக் கூடாது. எதுவும் மாட்டினா தாள் கையைவிட்டுப் போகணுமே தவிர, விரல் உள்ளே போகக் கூடாது. மேடுபள்ளம் போய் ஒரே உருளையா வர்ற வரைக்கும் பட்டையை இடவலமா நகர்த்திக்கிட்டே இருங்க. ஒரே இடத்துல நின்னா பள்ளம் விழும்.

ஸ்டெப் 4 - வடிவம்: அட்டை அச்சுப்படி எங்கே மெலியணும், எங்கே புடைக்கணும்னு பேனாவால வட்டம் போட்டுக்கோங்க. மெலிய வேண்டிய இடத்துல மட்டும் தேய்ங்க. ஒரு நிமிஷம் தேய்ச்சா மெஷினை நிறுத்துங்க. அச்சை வெச்சுப் பாருங்க, கையில பிடிச்சுப் பாருங்க. தேய்ச்சதைத் திருப்பி ஒட்டவைக்க முடியாது. அதனால நினைச்ச அளவுக்கு ஒரு மி.மீ. முன்னாடியே 120-க்கு மாறிடுங்க. பிறகு 220. கார்க்குன்னா கடைசியா 400. ஈ.வி.ஏக்கு 220-ஓட நிறுத்தினா பிடிப்பு நல்லா இருக்கும்.

ஈ.வி.ஏவை அழுத்தித் தேய்ச்சா சூட்டுல மேல்பரப்பு உருகிப் பளபளன்னு ஆகும். அப்படி ஆனா கையை லேசாக்குங்க. தாள் சூடேறினாலே நிறுத்தி ஆறவிடணும். உங்க டிரில்லுக்கும் அதே ஓய்வு தேவை. தொடர்ந்து ஓட்டுறதுக்காகச் செஞ்ச மெஷின் இல்லை அது.

ஸ்டெப் 5 - துளை: ராட் பின்பக்கம் தடிமனா, முன்பக்கம் மெலிசா இருக்கும். நேரான துளை பொருந்தாது. பழைய உடைஞ்ச ராட் துண்டு ஒண்ணுல உப்புத்தாள் பட்டையைச் சுருளா சுத்தி ஒட்டுங்க. அதைத் துளைக்குள்ள விட்டுத் திருகித் திருகி எடுத்தா, ராடோட சரிவுக்கேத்த துளை தானா வந்துடும். பத்துத் திருகுக்கு ஒருதரம் ராட்ல போட்டுப் பாருங்க. அடிச்சு ஏத்தாம, தள்ளினா நுழையுற மாதிரி இருக்கணும்.

ஸ்டெப் 6 - ஒட்டுங்க: பசை இல்லாம எல்லாத்தையும் ஒருமுறை கோத்துப் பாருங்க. பின்பிடி, ரீல் சீட், முன்பிடின்னு வரிசை. ரீல் நிக்கிற திசையும் கைடு வளையங்களும் ஒரே கோட்டுல இருக்கான்னு பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பென்சில்ல குறிச்சுக்கோங்க. ரீல் சீட் உள்ளே இடைவெளி இருந்தா மாஸ்கிங் டேப்பை அங்கங்கே வளையமா சுத்தி நிரப்பலாம். ஆனா வளையங்களுக்கு நடுவுல இடம் விட்டு, அங்கே எபாக்சி இறங்கணும். முழுக்க டேப்பா இருந்தா ஆறு மாசத்துல தண்ணி இறங்கி சீட் சுத்த ஆரம்பிச்சிடும். ராட் மேல 220 உப்புத்தாளால லேசா சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்ல துடைச்சு, எபாக்சி பூசித் திருகிக்கிட்டே ஏத்துங்க. வழிஞ்சதை ஈரமா இருக்கும்போதே ஸ்பிரிட் துணியால துடைச்சிடுங்க. 24 மணி நேரம் தொடாதீங்க.

பழைய ராடுக்கா? கிழிஞ்ச பின்பிடியை மட்டும் மாத்தணும்னா பிளேடால கீறி எடுக்கலாம். கத்தி கார்பன்ல படாம பார்த்துக்கோங்க. அங்கே ஒரு கீறல் விழுந்தா, பெரிய மீன் வர்ற அன்னிக்கு அதே இடத்துலதான் உடையும். கைடு வளையங்கள் தடுக்கிறதால புதுப் பிடியை நுனிப் பக்கமா கொண்டுவர முடியாது. பின்பக்கமா ஏத்தணும். அதனால ராடோட கடைசி விட்டத்துக்குத் துளையிட்டு, முன்பக்க இடைவெளியை டேப் வளையமும் எபாக்சியும் வெச்சு நிரப்பிடுங்க.

டிரில்லே இல்லையா? பரவாயில்லை. பிடியைக் கம்பியில இறுக்கி, கம்பியை வைஸ்ல பூட்டுங்க. பாலிஷ் போடுறவர் ஷூவுல துணியை இழுக்கிற மாதிரி உப்புத்தாள் பட்டையை மேலே போட்டு இப்படியும் அப்படியும் இழுத்து, பிடியைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக்கிட்டே இருங்க. ஒரு மணி நேரத்துல முடியுறது ஒருநாள் ஆகும். ஆனா முடியும்.

செட்டிநாட்டுத் தேக்குக்கு ஒரு இடம்

மரத்தைப் பத்திச் சொல்றேன்னு சொன்னேன் இல்லையா? கனம்தான் மரத்தோட குறை. அந்தக் குறையே வரமாகுற இடம், ராடோட அடிமுனை.

ரீலைப் பூட்டின ராடை, ரீலுக்குச் சற்று முன்னாடி ஒத்தை விரல்ல நிறுத்திப் பாருங்க. நுனி கீழே சாய்ஞ்சா, நாள் முழுக்க உங்க மணிக்கட்டு அதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். வலியோட மூலக் காரணம் அங்கேதான். பார்க்ல இருக்கிற சீசா மாதிரிதான் இதுவும். ஓரத்துல உட்காரும் சின்னப் பையன், நடுவுக்குப் பக்கத்துல உட்காரும் பெரியவரைத் தூக்கிடுவான். அதே மாதிரி, அடிமுனையில வைக்கிற சின்ன எடையே நுனியை மேல தூக்கிடும். 4 செ.மீ. நீளம், 30 மி.மீ. விட்டத்துல ஒரு தேக்கு மூடி செஞ்சா சுமார் 15-லிருந்து 18 கிராம் வரும். ஃபோம் பிடியோட லேசும் கெடாது, சமநிலையும் கிடைக்கும்.

தேக்குக்கு எங்கே போறது? செட்டிநாட்டுல இருந்துக்கிட்டு இதைக் கேட்கலாமா! பர்மாவுல வணிகம் செஞ்ச நகரத்தார், அங்கேயிருந்து கொண்டுவந்த தேக்குலதான் இங்கே தூணும் நிலையும் உத்தரமுமா வீடுகளை இழைச்சாங்க. நகரத்தாரோட ஒன்பது கோயில்கள்ல இளையாத்தங்குடியும் ஒண்ணு. கைலாசநாதரையும் நித்தியகல்யாணியையும் கும்பிட இன்னிக்கும் உலகத்தோட எந்த மூலையிலிருந்தும் அந்தக் குடும்பங்கள் இங்கே வந்து போறாங்க. ஆனா வந்து தங்கின வீடுகள் பல பூட்டிக் கிடக்கு. சில வீடுகள் பிரிச்சு விக்கப்படுது. 2014-லிருந்து செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல இருந்தும், இந்தப் பிரிப்பு முழுசா நின்னபாடில்லை. அப்படிப் பிரிச்ச சாமான்கள் வந்துசேருற முக்கியமான இடம், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல இருக்கிற பழம்பொருள் கடைகள்.

அங்கே போய் ஒரு தூணை வாங்கி அறுக்கச் சொல்லலை. தயவுசெய்து அதைச் செய்யாதீங்க! முழுசா இருக்கிற எந்தப் பழைய பொருளையும் தூண்டில் மூடிக்காக வெட்டுறது அநியாயம். பழைய மரக்கடையிலயும் தச்சுப் பட்டறையிலயும் அடுப்புக்குப் போகக் காத்திருக்கிற துண்டுகளைக் கேளுங்க. உங்களுக்குத் தேவை ஒரு விரல் நீளத் துண்டுதான். தேக்கு கிடைக்காட்டி பூவரசு போதும். சந்தனம், ஈட்டி பக்கம் போக வேண்டாம். அந்த மரங்களுக்குச் சட்டக் கட்டுப்பாடு இருக்கு.

மரத்துல வேலை செய்யும்போது முதல்ல துளை, பிறகுதான் கடைசல். கடைஞ்ச பிறகு துளை போட்டா அது நடுவுல அமையாது. துளை போட்டுக் கம்பியில கோத்துக் கடைஞ்சா, வெளிவட்டம் துளையைச் சுத்தியே உருவாகும். தேக்குல இயற்கையாவே எண்ணெய்ப் பசை இருக்கறதால, ஒட்டுறதுக்கு முன்னாடி தின்னர்ல துடைச்சுக் காயவிடணும். பழைய மரத்துல ஆணி இருக்கான்னு பார்க்காம மெஷின்ல வைக்காதீங்க. மேல்பூச்சுக்கு அரக்கு ஆசை வரலாம். ஆனா ஈரம் பட்டா அரக்கு வெளுத்துப் போகும். பொம்மைக்குச் சரி, தூண்டிலுக்குச் சரி வராது. பாலியூரித்தேன் வார்னிஷ் ரெண்டு மூணு கோட்டிங் கொடுங்க.

இதை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க!

- கையுறை வேண்டாம்: ஆச்சர்யமா இருக்கா? சுழல்ற மெஷின் பக்கத்துல கையுறை ஆபத்து. நூல் மாட்டினா கையையே இழுத்துடும். துண்டு, கழுத்துச் சங்கிலி, கைக்கயிறு, தொங்குற முடி எதுவும் கூடாது. வேட்டி, லுங்கியை மாத்திட்டு வாங்க.
- உளி வேண்டாம்: டிரில்ல கட்டின கடைசல்ல உளி வெச்சா எகிறும். உப்புத்தாளும், பிடிபோட்ட அரமும் மட்டும் போதும்.
- தனியா செய்ய வேண்டாம்: ரெண்டு கையும் உப்புத்தாள்ல இருக்கும்போது ஸ்விட்ச் பக்கத்துல ஒருத்தர் நிக்கட்டும். அந்தக் காலக் கடைசல் பட்டறையிலயும் ரெண்டு பேர்தானே!
- தூசு: கார்க், ஃபோம், தேக்கு எல்லாத்தோட தூசும் நுரையீரலுக்கு ஆகாது. கார்பன் தூசு தோல்ல அரிக்கும். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். திறந்த வெளியில செய்ங்க.

இன்னொண்ணு, எல்லாத்தையும்விட முக்கியம். கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும். நம்ம கண்மாய்க்கரை மேலயும் வயக்காட்டு மேலயும் தாழ்வா தொங்குற மின்கம்பிகளைப் பார்த்திருப்பீங்க. 7 அடி ராடைப் பின்னாடி தூக்கி வீசும்போது நுனி எவ்வளவு உயரம் போகும்னு யோசிச்சுப் பாருங்க. நீங்க கடைஞ்ச பிடி கார்க்கோ, ஃபோமோ, எதுவா இருந்தாலும் அது உங்களைக் காப்பாத்தாது. ஈரக் கையும் ஈர நூலும் மின்சாரத்துக்குப் பாதைதான். கரையில நின்னதும் முதல் வேலை, தலைக்கு மேல பார்க்குறது. கம்பி இருந்தா இடத்தை மாத்துங்க. இடி இடிச்சா ராடைக் கீழே வெச்சுட்டுக் கரையைவிட்டு விலகி, பாதுகாப்பான கட்டடத்துக்குள்ள போயிடுங்க.

எங்கே போடலாம், எங்கே கூடாது?

பிடி ரெடி. உடனே பக்கத்துத் தண்ணிக்கு ஓடாதீங்க. செட்டிநாட்டுல தண்ணிக்கு ஒரு முறை இருக்கு. ஊருணி குடிதண்ணிக்கானது. கால் நனைக்கவே விடாத ஊர்கள் உண்டு. அங்கே தூண்டில் போடுறது ஊரையே அவமதிக்கிற காரியம். கோயில் குளமும் அப்படித்தான். கண்மாய்களைப் பெரும்பாலும் மீன்பாசி குத்தகைக்கு விட்டிருப்பாங்க. குத்தகை எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டு, காவல் காத்து வளர்க்கிற மீன் அது. அனுமதி இல்லாம பிடிச்சா ஸ்போர்ட் இல்லை, திருட்டு. ஊர்ல கேட்டா குத்தகைதாரர் யாருன்னு சொல்லிடுவாங்க. போய்க் கேளுங்க.

இன்னும் சில ஊர்கள்ல மீன்பிடித் திருவிழா முடியுற வரைக்கும் யாரும் மீன் பிடிக்கக் கூடாதுங்கிற கட்டுப்பாடு இருக்கு. ஊர் மொத்தமும் வருஷம் பூரா காத்திருக்கிற நாள் அது. துண்டு வீசுறதுக்கு முன்னாடி நீங்க முந்திக்க வேண்டாமே!

பராமரிப்பு? ரொம்ப சிம்பிள். மீன் பிடிச்சுட்டு வந்ததும் சாதாரண சோப்புத் தண்ணியில பிடியைக் கழுவி நிழல்ல காயவைங்க. கார்க்ல சின்னச் சின்ன ஓட்டை விழுந்தா, கடைஞ்சப்போ மிஞ்சின கார்க் தூளைத் தண்ணி தாங்குற மரப்பசையில குழைச்சு அடைச்சு, காய்ஞ்சதும் 400 உப்புத்தாளால ஒரு தேய்ப்பு. அதனால அந்தத் தூளைக் கூட்டித் தள்ளாம ஒரு டப்பாவுல போட்டு வைங்க.

முதல் பிடி கோணலா வந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். அதைப் பழைய ராட்ல மாட்டி ஒரு வாரம் வீசிப் பாருங்க. எங்கே உறுத்துது, எங்கே வழுக்குதுன்னு உங்க கையே சொல்லும். அந்த இடங்களைப் பேனாவால குறிச்சு வெச்சுக்கோங்க. ரெண்டாவது பிடிக்கான அச்சு அதுதான்.